விளிம்பில் ஒரு சாக்கு

நான் ஓய்வு பெற்ற நிறுவனத்தில் இப்போது கயிறு என்பது ஒரு டிக் பெட்டி. பெட்டியைச் சொடுக்கினால் திரையில் ஒரு கயிறு தொங்கும். பக்கத்தில் ‘விறைப்பு’ என்று ஒரு கோடு இருக்கும். அதைச் சுழியத்திலிருந்து ஒன்றுவரை இழுக்கலாம். இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை அந்த இரண்டு அங்குலக் கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அடக்கியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நன்றாகவே அடக்கியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் அங்கே வேலை செய்யும் தேன்மொழி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினார். “சார், கயிறுக்கு விறைப்பு எவ்ளோ வைக்கறது? 0.8 ஓகேவா?” ‘ஓகே’ என்று தட்டி அழித்தேன். ‘எதற்கு?’ என்று தட்டி அதையும் அழித்தேன். கடைசியில், கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும் என்றேன். அப்படியானால் நிறுவனத்தின் உள்ளிதழுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். இது ஒரு பக்கத்தைத் தாண்டும்.

நான் செஞ்சிக்காரன். இயற்பியல் படித்து முடித்ததும் கிடைத்த வேலை விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்துவது. மூன்று வருடம் இருந்தேன். அங்கே இரண்டு விஷயம் கற்றேன். முதலாவது, பக்கத்தைப் பின்னாலிருந்து படிப்பது. கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லுக்கு வந்தால் செய்தி புரியாது. செய்தி புரியாவிட்டால்தான் எழுத்துப் பிழை கண்ணில் படும். இரண்டாவது, பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் படம் தவறு என்று தெரிந்தால் படத்தை மாற்ற மாட்டார்கள், படக்குறிப்பை மாற்றுவார்கள். முதலாவதை வைத்து நல்ல பெயர் வாங்கினேன். இரண்டாவதன் கதைதான் இது.

பிறகு கணினி படித்து, சென்னையில் சிமுலேட்டர் செய்யும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். துறைமுகக் கிரேன் ஓட்டப் பழகுபவரை எடுத்த எடுப்பில் நிஜக் கிரேனில் ஏற்ற முடியாது. அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பழக்க ஒரு கருவி வேண்டும். கிரேன் என்றால் கயிறு. கப்பல் என்றாலும் கயிறு. இயந்திரங்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கயிறு எனக்கு வந்தது. யாரும் கேட்காததால் என்னிடமே தங்கிவிட்டது.

கணினிக்குள் கயிறு கிடையாது. ஒரு மணிமாலை இருக்கிறது. வரிசையாக மணிகள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே இவ்வளவுதான் தூரம் என்று ஒரு விதி. பாரம் இழுக்கும்போது தூரம் கூடும். கணினி ஒவ்வோர் இடைவெளியாகப் போய்ச் சரிசெய்யும். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து இடைவெளி கெடும். அதனால் திரும்ப முதலிலிருந்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சுற்றுகள் அதிகமானால் கயிறு விறைப்பாக நிற்கும், குறைந்தால் ரப்பர் ஆகும். கண்ணில் மாட்டும் ஹெட்செட்டுக்கு ஒரு நொடியில் தொண்ணூறு படம் கொடுக்க வேண்டும். ஒரு படத்துக்குள் எத்தனை சுற்று ஓட முடியுமோ அத்தனைதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சீக்கிரமே வேலையை இழந்திருப்பேன். கயிறு எதன் மேலாவது படும். ஒரு மணி கல்லுக்குள் நுழைந்தால் அதை வெளியே தள்ள ‘மோதல்’ என்று இன்னொரு விதி. தள்ளினால் மணிகளின் தூரம் கெடுகிறது. தூரத்தைச் சரிசெய்தால் மணி திரும்பக் கல்லுக்குள் போகிறது. ஒரே கோப்பை இரண்டு அதிகாரிகள் மாற்றி மாற்றித் திருத்துவது போலத்தான். யார் கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் சொன்னது நிற்கும். விறைப்பைக் கடைசியில் வைத்தால் கயிறு கம்பீரமாக நிற்கும், ஆனால் கல்லை அறுத்துக்கொண்டு நிற்கும். மோதலைக் கடைசியில் வைத்தால் கல் பிழைக்கும், கயிறு இழுபடும். இரண்டும் வேண்டுமென்றால் நேரம் வேண்டும். நேரம் இல்லை. இதில் கூர்மையான மூலை தனி ரகம். அது இரண்டு மணிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மணி எதுவும் கல்லைத் தொடாது, கயிறு மட்டும் கல்லுக்குள் இருக்கும்.

என் மேலாளர் வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. திரையிலிருந்து சரியாக ஐந்து எட்டு பின்னால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாடிக்கையாளர் நிற்கும் தூரம் அது என்பது அவர் கணக்கு. அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். “பார்க்கறவனுக்குத் தெரியுமா?” தெரியாது என்றால் போய்விடுவார். தெரியும் என்றால் ஓர் எட்டு முன்னால் வருவார். அவர் மேசையருகே வந்துவிட்டால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எட்டுகளை வைத்தே நிர்வாகம் செய்தவர்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்னால் ஒரு தனியார் பயிற்சி மையம் எங்களிடம் கிணறு கேட்டது. கிணறு ஆழப்படுத்தும் தொழிலாளர்களுக்கான பயிற்சி. கிரேன் பழுதானாலோ உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலோ, கயிற்றில் ஆளை இறக்கி ஏற்ற வேண்டும். அதைத் திரையில் பழக்கித் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது திட்டம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறங்குபவை. வயல் கிணறு பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரை முடியும் இடத்தில் கிணறு தொடங்கும். ஆகவே முன்னோட்டத்தைச் செஞ்சியிலேயே வைத்தார்கள். ஊர்க்காரன் என்று என்னையும் அனுப்பினார்கள். இடம், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். நாங்கள் கணினிகளை அடுக்கிய நாளில் முந்தைய கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

அதற்கு முன்பே, சென்னையில், நான் என் பிழையைச் செய்து முடித்திருந்தேன்.

கிணற்றின் கயிறு முதலில் அழகாக நின்றது. வரதராஜன் சார் ஐந்து எட்டிலிருந்து பார்த்துத் திருப்தியாகப் போனார். நான் பழக்க தோஷத்தில் பதிவைப் பின்னாலிருந்து ஓட்டினேன். ஆள் கிணற்றிலிருந்து மேலே வந்து, பெல்ட் கழன்று, கயிறு சுருளுக்குள் போனது. கதை குழம்பியதும் கண் வேலை செய்தது. விளிம்பில் கயிறு இரண்டு விரல் ஆழத்துக்குப் பாறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாறையை மதிக்கும்படி கயிற்றை மாற்ற நேரம் இல்லை. ஆகவே பாறையை மாற்றினேன். விளிம்பின் மூலையை உருட்டி, இரண்டு மூன்று மணிகள் சாய்ந்து உட்காரும் அளவுக்கு வளைவாக்கினேன். படம் வரைபவரும் அதற்கேற்ப வரைந்து கொடுத்தார். கயிறு வளைவின் மேல் பட்டுப்போல் வழுக்கியது. கல்லுக்குள் போகவில்லை, இழுபடவும் இல்லை. படத்துக்கு ஏற்ற படக்குறிப்பு.

ஒரு பக்கவிளைவு இருந்தது. கூர்மையில் உரசிக் கயிறு எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிடும் பகுதி எப்போதும் பச்சை விளக்கே காட்டியது. மையம் கொடுத்த தேவைப் பட்டியலில் ‘விளிம்பில் கயிற்றுக்குப் பாதுகாப்பு’ என்று ஒரு வரி இருந்தது. தேய்மானமே இல்லாத இடத்தில் பாதுகாப்பு எதற்கு? அந்த வரிக்கு எதிரே ‘பொருந்தாது’ என்று எழுதி முதலெழுத்துப் போட்டேன். தெளிவான கையெழுத்து. என் கையெழுத்து எப்போதுமே தெளிவு.

முன்னோட்டத்துக்கு ஏழு தொழிலாளர்கள் வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் வரவேற்பறை சுகன்யா. கிணற்றுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அதுதான் தகுதி. தேர்வுக்கு நான்கு நிமிடம். கல்தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, ஆளுக்குப் பெல்ட் மாட்டி, இறக்கி, மேலே ஏற்ற வேண்டும். சுகன்யா இரண்டரை நிமிடத்தில் முடித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

மூன்றாவதாக வந்தவர் ஏழுமலை. பனமலைப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், இருபத்திரண்டு வருடமாகக் கிணற்றுக் கிரேன் ஓட்டுபவர். ஹெட்செட்டை மாட்டியதும் அவர் கயிற்றை எடுக்கவில்லை. குனிந்து விளிம்பை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். தரையில் இடப்பக்கம் தேடினார், வலப்பக்கம் தேடினார். வெறும் காற்றைக் கையால் துழாவியபடி பந்திப் பலகைகள் அடுக்கியிருந்த மூலைவரை போனார். கூடம் சிரித்தது. அவரோடு வந்த ஒப்பந்தக்காரர் ஆறுமுகம், இன்னாய்யா தொலச்ச என்று கேட்டார்.

“சாக்கு எங்க?” என்றார் ஏழுமலை. “சாக்கு இல்லாம எப்பிடி?”

அவர் இன்னும் ஒரு நிமிடம் தேடினார். பிறகு கயிற்றை எடுத்துத் தூணில் சுற்றுவதற்குள் நான்கு நிமிடம் முடிந்து திரை சிவந்தது. மதிப்பெண் முப்பத்தொன்று. மையத்தின் மதிப்பீட்டாளர் பிரசன்னா, ஊருக்குப் புதியவர், குறிப்புப் பகுதியில் நேர்மையாகக் காதில் விழுந்ததை எழுதினார். ‘தயங்கினார். கேட்டபோது சாக்கு சொன்னார்.’

பிழை திருத்துபவன் கண்ணுக்கு அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் ஆறுமுகம் நின்று படித்தார். அடுத்த மாதத்திலிருந்து தேறாதவர்களைக் கிரேனில் விட முடியாது, காப்பீட்டுக்காரர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றார். அப்படியானால் ஏழுமலைக்கு என்ன வேலை என்று கேட்டேன். உள்ளே இறங்கிக் கல் வாரலாம் என்றார். கெட்டவர் இல்லை. இன்னொரு முறை தேர்வு வைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார்.

ஏழுமலை என்னிடம் வந்து எந்த ஊர் சார் என்று விசாரித்தார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னதும் ‘சார்’ போய் ‘பாய்’ வந்தது.

“இருவத்திரண்டு வருசமா ஆள எறக்குறன் பாய். ஒருத்தனும் வுழல. ஒங்க கெணறு எந்த ஊர்ல இருக்குது? வெளிம்பு தேஞ்ச சோப்பு மாதிரி இருக்குது. அந்த மாதிரி கெணத்த நான் பாத்ததே இல்ல.”

அன்று மாலை அவருடைய பதிவைப் பின்னாலிருந்து ஓட்டினேன். காற்றில் தேடியவர், தலைகீழாகப் பார்த்தபோது தேடவில்லை. எதையோ எங்கிருந்தோ கொண்டுவந்து, விளிம்பில் விரித்து, உள்ளங்கையால் தட்டிப் படிய வைத்தார். இரண்டாக மடித்த சாக்கின் அகலம்கூடத் தெரிந்தது. வேலையைத் திருத்தமாகச் செய்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அதற்குத்தான் முப்பத்தொன்று.

வரதராஜன் சார் அந்த வாரம் செஞ்சியில்தான் தங்கியிருந்தார். விளிம்பைத் திரும்பக் கூர்மையாக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

“இப்ப இருக்கறது பார்க்கறவனுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். உண்மை அதுதான். போய்விட்டார்.

அனுமதி கிடைக்கவில்லை என்று இதற்குப் பெயர். தடை விதிக்கப்படவில்லை என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது மாதிரி படித்தேன். மூன்று நாளில் பாறையைப் பழையபடி கூர்மையாக்கினேன். மணிகளை மட்டும் பார்க்காமல், மணிகளுக்கு இடைப்பட்ட பகுதி மூலையில் படுகிறதா என்றும் பார்க்கச் செய்தேன். கயிறு கல்லுக்குள் ஒரு நூல்கூட நுழையவில்லை. ஒரு சாக்கும் செய்தேன். துணியைத் துணியாக நடக்க வைப்பது கயிற்றைவிடப் பெரிய செலவு. ஆகவே அது சாக்கின் படம் ஒட்டிய ஒரு தகடு. இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? விறைப்பின் சுற்றுகளிலிருந்து. முப்பது சுற்று ஓடிய இடத்தில் இப்போது எட்டு.

இரண்டாம் தேர்வன்று அமாவாசை. பேருந்துகளில் பாதி மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஏழுமலை ஒரு மணி நேரம் தாமதமாக ஒரு டிராக்டரிலிருந்து இறங்கினார். அதையும் பிரசன்னா குறித்துக்கொண்டார்.

ஹெட்செட்டை மாட்டினார். சாக்கைப் பார்த்ததும், தனக்கு வேண்டியவர் யாரோ வந்துவிட்டதைப் போலத் தலையாட்டினார். விளிம்பில் வைத்தார். “தகரம் மாதிரி இருக்குது, பரவால்ல” என்றார். தூணில் சுற்றினார், பெல்ட்டை மாட்டினார், இறக்கத் தொடங்கினார். ஓர் ஆள் உயரம் இறக்கியதும் பிடியை இறுக்கி நிறுத்தினார். அப்படியே நின்றார். பிறகு ஆளை மெல்ல மேலே ஏற்றி, தரையில் உட்கார வைத்து, கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று பிரசன்னா கேட்டார்.

“நான் கயிறு வுடல. ஆளு மட்டும் எறங்கினே இருக்கறான்” என்றார் ஏழுமலை. “இழுவுற கயித்துல நான் ஆள எறக்க மாட்டன். வேற கயிறு குடுங்க.”

பணியை முடிக்க மறுத்தார், சுழியம்.

இப்போது நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறு சரியாகவும் கல் தவறாகவும் இருந்தபோது கல்லில் உள்ள பிழையைக் கண்டுபிடித்ததற்காக அவர் தோற்றார். கல் சரியாகவும் கயிறு தவறாகவும் ஆனபோது கயிற்றில் உள்ள பிழையைக் கண்டுபிடித்ததற்காகத் தோற்றார். எங்கள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் நான்கு பேர். இந்த இரண்டு பிழையில் ஒன்றைக்கூட அவர்கள் பிடிக்கவில்லை.

கூடத்தின் பின்னால் நின்ற வரதராஜன் சார் இரண்டு எட்டு முன்னால் வந்தார். “இப்பத் தெரியுது” என்றார். கயிறு இழுபடுவது கடைசிப் பந்தியில் நின்றால்கூடத் தெரிந்தது. திங்கள்கிழமை ஒப்படைப்பு. பழைய வடிவத்தையே வைத்துவிடச் சொன்னார். பழைய வடிவம் என்றால் சோப்பு விளிம்பு, பச்சை விளக்கு, ஏழுமலைக்கு முப்பத்தொன்று. அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை அவலூர்பேட்டை சாலையில் ஏழுமலை வேலை பார்க்கும் கிணற்றுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். அளவெடுக்கப் போனேன். கிரேன் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்ததால் அன்று ஆளைக் கையால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் விளிம்பருகே குந்தி, கயிறு எப்படி வளைகிறது, எங்கே ஆடுகிறது என்று நோட்டில் குறிக்கத் தயாரானேன். ஆள் பாரம் ஏறியது. கயிறு எதுவும் செய்யவில்லை. அடித்து வைத்த ஆணிபோல நேராக நின்றது. கால் மணி நேரம் பார்த்தேன். நோட்டில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

என்ன எழுதினீர்கள் என்று ஏழுமலை எட்டிப் பார்த்தார். கோட்டைக் காட்டினேன். கயிறு முழுக்க என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை என்றேன்.

“முழுக்க எதுக்கு பாய்? பாரம் ஏறிட்டா கயித்துக்கு ரெண்டு எடத்துலதான் வேல. முடிச்சுல, வெளிம்புல. நடுவுல அது சும்மா தொங்கினு இருக்குது.”

அறிவுரையாக அவர் இதைச் சொல்லவில்லை. படித்தவன் நோட்டைப் பார்த்த ஏமாற்றத்தில் சொன்னார்.

இருபது வருடமாக நான் சும்மா தொங்குவதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கப்பலிலும் கிரேனிலும் கயிறு ஆடும், நெளியும், அதற்கு மணிமாலை வேண்டும். இங்கே பாரம் ஏறிய கயிறு இரண்டு நேர்கோடுகள்தான். தூணிலிருந்து விளிம்புக்கு ஒன்று, விளிம்பிலிருந்து ஆளுக்கு ஒன்று. நேர்கோட்டுக்கு மணி எதற்கு? ஒரே ஒரு மணி போதும். அதை மூலையிலேயே உட்கார வைத்துவிட வேண்டும். கயிறு அதன் வழியாக, கப்பியில் ஓடுவதுபோல ஓட வேண்டும். அந்த மணி கல்லை விட்டு நகராது, ஆகவே மோதல் விதி தப்பாது. இரு பக்கத்து நீளத்தையும் கூட்டினால் கயிற்றின் நீளம் வர வேண்டும் என்று ஒரே விதி, ஆகவே விறைப்பும் தப்பாது. இரண்டு அதிகாரிகளுக்கும் திருத்த ஒன்றுமில்லை. பாரம் இல்லாதபோது மட்டும் பழைய மணிமாலை வந்து அழகாகச் சுருண்டுகொள்ளலாம். அதை யாரும் நம்பி இறங்கப் போவதில்லை.

எழுதி முடிக்க ஞாயிறு மாலை ஆனது. முதலில் நானே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தேர்வைச் செய்தேன். கயிறு கூர்மையான விளிம்பில் நேராக நின்றது. விறைப்பு எவ்வளவு கச்சிதம் என்று ரசித்துக்கொண்டே இறக்கினேன். பாதியில் கயிறு அறுந்து ஆள் விழுந்தான். நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். பிழை இல்லை. நான் சாக்கு போடவில்லை. அந்தச் சாக்கு நிரலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

திங்கள் காலை வரதராஜன் சாரிடம் இரண்டு வடிவத்தையும் ஓட்டிக் காட்டினேன். ஐந்து எட்டிலிருந்து பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? பார்க்கறவனுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். ஆனால் நீங்களே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று ஹெட்செட்டை நீட்டினேன். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதையும் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பது என்று கேட்டார். என் கையில் வாங்கிக்கொண்டேன். நிதானமாக, முறையாக, தூணில் சுற்றினார், பெல்ட்டை மாட்டினார், இறக்கினார். சாக்கு அவர் காலடியில் கிடந்தது. இரண்டாவது நிமிடத்தில் தேய்மான விளக்கு சிவந்தது. அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எங்கள் ஒலிப் பிரிவு சேர்த்திருந்த சத்தம் ஒன்று வந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கித் துடைத்தார்.

“இது தெரியுது” என்றார்.

மதியம் ‘விளிம்புப் பாதுகாப்புடன் கூடிய புதிய வடிவம்’ என்று மையத்திடம் ஒப்படைத்தோம். தேவைப் பட்டியலில் முதலிலிருந்தே இருந்த ஒரு வரி, நான் அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்ததால் புதிய வசதி ஆகியிருந்தது. மையத்தார் நன்றி சொன்னார்கள். பிரசன்னா, மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சாக்கு போட்டாரா?’ என்று ஒரு கட்டம் சேர்த்தார். தன் பழைய குறிப்பை அவரே தேடி எடுத்து, ‘சொன்னார்’ என்பதை அடித்துக் ‘கேட்டார்’ என்று மேலே எழுதினார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு சொல்லைத் திருத்தியதும் ஒரு மனிதர் நிமிர்ந்துவிட்டார். நாளிதழில் இருந்த மூன்று வருடத்தில் என் திருத்தம் எதுவும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

எல்லோருக்கும் மறுதேர்வு நடந்தது. சுகன்யாவின் கயிறு இரண்டாவது நிமிடத்தில் அறுந்தது. தொண்ணூற்றெட்டிலிருந்து சுழியத்துக்கு வந்தவர், இந்த விளையாட்டு முன்பு நன்றாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். ஏழுமலை தகரச் சாக்கைப் போட்டார். கயிற்றை மூன்று முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். ஆளைப் பாதியில் நிறுத்திக் கயிறு நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. அதற்குப் பிறகுதான் மிச்சத்தை இறக்கினார். ஏற்றி முடித்தபோது நான்கு நிமிடத்துக்கு ஆறு நொடி பாக்கி. இழுத்துப் பார்த்த நேரத்துக்கும் நிறுத்திப் பார்த்த நேரத்துக்கும் கருவி மதிப்பெண்ணைக் கழித்தது. எழுபத்து நான்கு.

தேறிவிட்டார். கிரேன் அவரிடமே இருந்தது. சான்றிதழில் தரம் என்ற இடத்தில் ‘நடுத்தரம்’ என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு செஞ்சிக்கே வந்துவிட்டேன். இந்தக் கோடையில் எங்கள் நிலத்துக் கிணறு வற்றியது. இன்னும் ஐந்தாறு அடி இறங்கலாம் என்றார்கள். ஆறுமுகத்திடம் சொன்னேன். ஆட்கள் வந்தார்கள், கிரேனோடு ஏழுமலையும் வந்தார். மீசை நரைத்திருந்தது. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கிரேனின் எஞ்சின் பெட்டிக்குள் வைத்திருந்தார். யாராவது அதிகாரி வந்தால் காட்ட.

மூன்றாம் நாள் கிரேன் பல்சக்கரம் சிக்கிக்கொண்டது. ஊறும் தண்ணீரை இறைக்க உள்ளே விட்ட மோட்டாரைத் தூக்குமுன் ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கையால் இறக்குவது என்று முடிவானது. ஏழுமலை ஒரு யூரியா சாக்கை எடுத்து, தண்ணீரில் நனைத்து, இரண்டாக மடித்து விளிம்பில் விரித்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டு. பதிவில் நான் பின்னாலிருந்து பார்த்த அதே தட்டு, இப்போது முன்னாலிருந்து. நனைப்பது எதற்கு என்று எனக்கு அதுவரை தெரியாது. காய்ந்த சாக்கு கயிற்றோடு சேர்ந்து நகர்ந்துவிடுமாம். எங்கள் கருவியில் சாக்கு நகராது.

“இதுக்கு எத்தினி மார்க்கு பாய்?” என்றார்.

நூறு என்றேன். அந்த உற்சாகத்தில் இரண்டு எட்டு முன்னால் போய்க் கயிற்றின் வாலைப் பிடித்தேன். இன்னொரு கை இருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. இருபத்தாறு வருடம் கயிற்றோடு இருந்தவன் நான்.

ஏழுமலை என் கையைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு சர்ட்டிபிகேட் இருக்குதா பாய்?”

அவர் சிரிக்கவில்லை. பெல்ட் மாட்டிய ஆள் விளிம்பில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தான். இல்லை என்றேன்.

“அப்ப அந்தப் புங்க மரத்தாண்ட போயி நில்லுங்க.”

போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சாக்கு தெரியவில்லை. கயிறு மட்டும் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.